குளிர்காற்று: ஒரு வினைத்தொகையும் ஒரு பிக்கப் வண்டியும்

பிக்கப் வண்டிகளுக்கென வெளிச்சந்தையில் விற்கப்படும் ‘கோல்டு ஏர் இன்டேக்’ என்னும் காற்றுக்குழாய்த் தொகுதி, அதற்குக் கொடுக்கும் பணத்துக்குத் தகுமா என்பதே இப்பதிவின் கேள்வி. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தியச் சாலைகளில் சுமையேற்றி உழைக்கும் டீசல் பிக்கப்புக்குத் தகாது, புழுதி மிகுந்த இடங்களில் அது தீங்கும் செய்யலாம். மொழியியல் ஆய்வாளருக்கு எஞ்சினோடு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இப்பொருளின் விற்பனையில் பாதியை உலோகமும் ரப்பரும் செய்கின்றன. மறுபாதியைச் சொற்கள் செய்கின்றன. சொற்களின் பாதி என் துறை. உலோகத்தின் பாதியைப் புரிந்துகொள்ளப் பள்ளி இயற்பியலுக்குச் சற்று மேல் அறிந்திருந்தால் போதும்.

கேள்வி எனக்குக் களத்திலிருந்து வந்தது. ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் குவி மொழித் தரவு திரட்டச் செல்லும்போது, உள்ளூர்க்காரர் ஒருவருடைய பொலேரோ பிக்கப்பில்தான் ஊர் ஊராகப் போவது வழக்கம். வண்டி அவருக்குச் சொந்தம். தவணை இன்னும் முடியவில்லை. சந்தை நாளில் காய்கறி, மற்ற நாள்களில் சிமெண்டு மூட்டை, இடையிடையே என்னைப் போன்ற ஆய்வாளர்கள் என அது ஓடுகிறது. யாரோ கொடுத்த ஆங்கில விளம்பரத் தாளை என்னிடம் நீட்டி, “மொழி படித்தவர் நீங்கள், இதில் எழுதியிருப்பது மெய்யா?” என்று கேட்டார். விலை அவருடைய இரண்டு மாதத் தவணைக்கு மேல். மொழிபெயர்த்துச் சொல்வது எளிது. மெய்யா என்பதற்கு விடை சொல்லத்தான் படிக்க வேண்டியிருந்தது. அப்படிப் படித்தவற்றின் தொகுப்பு இது.

முதலில் பொருளைப் பார்ப்போம். எஞ்சின் எரிபொருளை எரிக்கக் காற்று வேண்டும். வண்டியோடு வரும் அமைப்பில், முகப்பு விளக்குக்குப் பின்னாலோ சக்கர மறைப்பின் உட்புறத்திலோ உள்ள வாயின் வழியே காற்று நுழைந்து, மூடிய பெட்டிக்குள் இருக்கும் காகித வடிகட்டியைக் கடந்து, குழாய் வழியாக எஞ்சினை அடைகிறது. வெளிச்சந்தைத் தொகுதி இதை எடுத்துவிட்டு, அகன்ற வழுவழுப்பான குழாயையும், பெரும்பாலும் எண்ணெய் பூசிய பருத்தி வலையாலான கூம்பு வடிவ வடிகட்டியையும் வைக்கிறது. சிலவற்றில் வடிகட்டியைச் சுற்றி வெப்பத் தடுப்பு உண்டு. சிலவற்றில் வடிகட்டி பானெட்டுக்கு அடியில் திறந்தபடி நிற்கும். அமெரிக்காவில் இத்தகைய தொகுதி பெரும்பாலும் 300 முதல் 500 டாலர் வரை விற்கிறது. இந்தியாவில் 2016 முதல் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி ஆலையிலிருந்து வரும் இசுசு வி-கிராஸ், 2022-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் ஆகியவற்றின் உரிமையாளர்கள்தாம் இதைப் பற்றி அதிகம் பேசுவோர். இப்போது அப்பேச்சு சுமை வண்டிக்காரர்களையும் எட்டியிருக்கிறது.

இனி பெயரைப் பார்ப்போம். ‘குளிர்காற்று’ என்னும் தொடரில் ‘குளிர்’ என்பதை வினையடியாகக் கொண்டால் அது வினைத்தொகை. குளிர்ந்த காற்று, குளிர்கின்ற காற்று, குளிரும் காற்று என மூன்று காலத்துக்கும் அது விரியும். எந்தக் காலம் என்பது சொல்லில் வெளிப்படாது. ‘குளிர்’ பெயர்ச்சொல் என்று கொள்வோர் வேறு தொகையாக விரிப்பர். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆங்கிலப் பெயரிலும் காலம் இல்லை, ஒப்பீடும் இல்லை. எப்போது குளிர்ந்தது, எதைவிடக் குளிர்ந்தது என்ற இரு வினாக்களுக்கும் பெயர் விடை தருவதில்லை. ஆனால் ஒரு பொருளுக்குக் ‘குளிர்காற்று’ என்று சிறப்பாகப் பெயரிட்டு விற்றால், ‘அப்படியானால் என் வண்டி இப்போது சூடான காற்றை இழுக்கிறது போலும்’ என்று கேட்பவர் தாமே முடிவு செய்துகொள்கிறார். பால் கிரைஸ் 1975-இல் அச்சான கட்டுரையில் விளக்கிய உரையாடல் உட்கிடை இத்தகையதுதான். சொன்னவர் சொல்லாததைக் கேட்டவர் பெற்றுக்கொள்கிறார். பிறகு அதற்குச் சொன்னவரைப் பொறுப்பாக்க முடிவதில்லை.

அந்த உட்கிடை ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. கார்புரேட்டர் காலத்து அமெரிக்க வண்டிகள் பலவற்றில், வட்டமான வடிகட்டிப் பெட்டி எஞ்சினின் நடுவே கார்புரேட்டரின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. பானெட்டுக்குள் தேங்கிய சூட்டுக் காற்றையே அது இழுத்தது. வாயுவின் அடர்த்தி தனி வெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் அமைவது. 60 பாகை செல்சியசில் உள்ள காற்றுக்குப் பதில் 30 பாகைக் காற்றைக் கொடுத்தால் அடர்த்தி ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும். அக்காலத்துப் பெரிய பெட்ரோல் எஞ்சினுக்கு இது பெரிய ஆதாயம். அதனால்தான் செவர்லே நிறுவனமே 1970-இல் தன் செவெல் காரில், பானெட்டின் பின்புறத்தில் திறக்கும் கதவு வழியே வெளிக்காற்றை ஊட்டும் அமைப்பை விற்றது. அன்று ‘குளிர்காற்று’ என்பது பெயர் மட்டுமன்று. அளந்து காட்டக்கூடிய வேறுபாடு.

பின்னர் எரிபொருள் தெளிப்பு முறை வந்தது, கார்புரேட்டர் போயிற்று, வடிகட்டிப் பெட்டி எஞ்சினின் தலையிலிருந்து இறங்கி ஓரத்துக்கு நகர்ந்தது, காற்றின் வாய் பானெட்டுக்கு வெளியே திரும்பியது. அதாவது, இன்றைய பெரும்பாலான வண்டிகளில் ஆலை பொருத்தி அனுப்பும் அமைப்பே குளிர்காற்று அமைப்பு. பொருள் மாறிவிட்டது, பெயர் நிலைத்துவிட்டது. சொல்லாராய்ச்சியில் இது நமக்குப் பழகிய காட்சி. இங்கே அந்த எச்சத்துக்கு விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறது என்பதே வேறுபாடு. வினைத்தொகைக்குள் மறைந்திருந்த காலம் இறந்தகாலம்.

‘ஆலைக் குழாய் குறுகலானது; அகன்ற குழாய் மூச்சை எளிதாக்கும்’ என்பது அடுத்த வாதம். கடல்மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். நல்ல நிலையில் உள்ள வடிகட்டியும் குழாயும் முழு வேகத்தில் பறிப்பது அதில் சில கிலோபாஸ்கல் மட்டுமே. அத்தடை முழுவதையும் நீக்கிவிட முடியும் என்றே வைத்துக்கொண்டாலும், டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் சில விழுக்காடு ஆதாயம்தான் கிட்டும். எந்தத் தொகுதியும் முழுவதையும் நீக்குவதில்லை.

டர்போ டீசலில் நிலைமை இன்னும் வேறு. இந்தியாவில் இன்று விற்கும் பிக்கப்புகளில் பெரும்பாலானவை இவ்வகையே. டர்போ காற்றை அழுத்துகிறது. அழுத்தும்போது காற்று கடுமையாகச் சூடாகிறது. அதை இன்டர்கூலர் குளிர்விக்கிறது. அதன் பின்னரே காற்று எஞ்சினுக்குள் போகிறது. ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளியே 30 பாகை. டர்போ காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றுகிறது. அதன் திறமை 70 விழுக்காடு. இன்டர்கூலரின் திறமையும் 70 விழுக்காடு என்று கொள்வோம். 40 பாகைக் காற்றை உள்ளிழுத்தால் டர்போவுக்குப் பின் அது ஏறத்தாழ 138 பாகை ஆகும். இன்டர்கூலருக்குப் பின் 62. வெளிச்சந்தைத் தொகுதி மிகச் சிறப்பாக வேலை செய்து வெளிக்காற்றுக்கு நிகரான 30 பாகைக் காற்றையே தந்தால், முறையே 125, 58. தொடக்கத்தில் இருந்த 10 பாகை வேறுபாடு முடிவில் 4 பாகையாகச் சுருங்குகிறது. அடர்த்தியில் அது ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல். குளிர்விக்கும் வேலைக்கென்றே வண்டியில் ஒரு கருவி இருக்கும்போது, அதற்கு முன்னால் குளிர்வித்துப் பெறும் ஆதாயம் இவ்வளவுதான்.

அந்த ஒரு விழுக்காடும் சக்கரத்துக்குப் போவதில்லை. பெட்ரோல் எஞ்சின் காற்றை அளந்து அதற்கேற்ப எரிபொருளைத் தரும். டீசல் எஞ்சினில் திறனைத் தீர்மானிப்பது தெளிக்கும் எரிபொருளின் அளவு. டீசல் பொதுவாகத் தேவைக்கு மிஞ்சிய காற்றோடுதான் எரிகிறது. எவ்வளவு டீசல் தெளிப்பது, டர்போ எவ்வளவு அழுத்துவது, உச்ச முறுக்கு விசை எவ்வளவு என்பனவற்றை எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி முன்பே வரையறுத்து வைத்திருக்கிறது. அந்த நிரலைத் தொடாமல் குழாயை மட்டும் மாற்றுவது, சமையலுக்குப் போடும் அரிசியைக் கூட்டாமல் பானையைப் பெரிதாக்குவது போன்றது.

எரிபொருள் சிக்கனம் பற்றிய வாதம் இதைவிட நலிவானது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் தெளிப்பு வண்டிகளில் வடிகட்டியை வேண்டுமென்றே அடைத்துவிட்டுச் சோதித்தார்கள். முடுக்கம் குறைந்தது, மைலேஜில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அடைத்துப் பார்த்தும் மைலேஜ் குறையாத எஞ்சினில், இன்னும் திறந்துவிட்டால் மைலேஜ் கூடும் என்று எதிர்பார்க்க அடிப்படை இல்லை.

அப்படியானால் விளம்பரத்தில் வரும் எண்கள் எங்கிருந்து வருகின்றன? ‘15 குதிரைத்திறன் வரை’ என்பது போன்ற தொடர்களில் உழைப்பது எண் அன்று. ‘வரை’ என்னும் சொல். அது மேல் எல்லையைச் சொல்கிறது; கீழ் எல்லையைச் சொல்வதில்லை. பூச்சியமும் அந்தக் கூற்றை மெய்யாக்கும். ஆயினும் எண் காதில் விழுகிறது, ‘வரை’ விழுவதில்லை. தமிழில் இது மேலும் வழுக்கும். ‘திறன் கூடும்’ என்றால் மிகும் என்பது பொருள். ‘திறன் கூடக்கூடும்’ என்றால் மிகுவதற்கு வாய்ப்புண்டு என்பது பொருள். உறுதிக்கும் ஐயத்துக்கும் இடையே நிற்பது ஒரு துணைவினை. விற்பவர் வாயில் முதலில் உதிர்வது அதுதான். கோராபுட்டில் நான் கண்டதும் இதுவே. தாளில் அச்சாகியிருந்த ‘வரை’யும் ‘சில வண்டிகளில்’ என்பதும், இந்தியாகவும் ஒடியாவாகவும் மாறி வண்டிக்காரரிடம் வந்து சேர்ந்தபோது காணாமல் போயிருந்தன. அவர் கேட்டறிந்தது, ‘15 குதிரைத்திறன் ஏறும்’ என்பது மட்டுமே. அவருடைய எஞ்சினின் மொத்தத் திறனே 80 குதிரைத்திறனுக்குக் கீழ்.

சோதனை மேடையில் எடுத்த அளவீடுகளையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஒரே வண்டியை எதையும் மாற்றாமல் அடுத்தடுத்து இருமுறை அளந்தாலும் எண் சற்று மாறும். பானெட்டைத் திறந்துவைத்து, முன்னால் பெரிய விசிறியை ஓடவிட்டு அளந்தால், திறந்த கூம்பு வடிகட்டிக்கு அது சொர்க்கம். மூடிய பானெட்டுக்கு அடியில், நெரிசலில் ஊர்ந்துகொண்டோ மலை ஏறிக்கொண்டோ இருக்கும் வண்டியில் அதே வடிகட்டி ரேடியேட்டர் சூட்டைக் குடிக்கும். வெப்பத் தடுப்பு இல்லாத தொகுதி அப்போது ஆலை அமைப்பைவிடச் சூடான காற்றைத் தரும் வாய்ப்பே மிகுதி.

‘நான் பொருத்தியிருக்கிறேன்; வேறுபாடு தெரிகிறது’ என்போரை நான் பொய்யர் என்று சொல்லவில்லை. வேறுபாடு தெரியத்தான் செய்யும், ஏனெனில் ஓசை மாறுகிறது. ஆலைப் பெட்டி காற்றின் இரைச்சலை அடக்கவும் வடிவமைக்கப்பட்டது. அதை எடுத்துவிட்டால் டர்போவின் சீழ்க்கை வெளியே கேட்கும். உரத்த எஞ்சின் வேகமான எஞ்சினாகத் தோன்றும். நம் துறையிலும் இதற்கு இணை உண்டு. தாமே உருவாக்கிய வாக்கியத்துக்குத் தாமே ‘இலக்கணப்படி சரி’ என்று தீர்ப்பு வழங்கி, அதன்மேல் கோட்பாடு எழுப்பும் பழக்கத்தை நாம் எவ்வளவு காலமாக விமரிசித்து வருகிறோம்! பணம் கொடுத்தவர், தாமே பொருத்தியவர், ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர் ஆகிய மூவரும் ஒருவராயிருக்கும் சோதனையும் அத்தகையதே.

இதுவரை சொன்னவை பணம் வீணாவதைப் பற்றி. தீங்கு புழுதியில் இருக்கிறது. வடிகட்டியின் முதல் வேலை காற்றை விடுவதன்று, மண்ணை விடாதிருப்பது. சாலைப் புழுதியில் கலந்துள்ள குவார்ட்சு மோஸ் அளவையில் 7 கடினம் உடையது. சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் தேய்க்க வல்லது. வடிகட்டிகளைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்னும் பன்னாட்டுத் தரம் உண்டு. வரையறுத்த புழுதியை ஊட்டி, எவ்வளவு பிடிபட்டது, எவ்வளவு கடந்தது என்று அளப்பார்கள். ஒரு வடிகட்டி 99 விழுக்காடும் மற்றொன்று 97 விழுக்காடும் பிடிக்கின்றன என்று கொள்வோம். ‘இரண்டு விழுக்காடுதானே’ என்று தோன்றும். ஆனால் எஞ்சினுக்கு, பிடிபட்ட புழுதி ஒரு பொருட்டன்று. கடந்துபோன புழுதியே பொருட்டு. 100 கிராமில் முதலாவது விடுவது 1 கிராம். இரண்டாவது விடுவது 3 கிராம். அதே தரவு ஒரு வகையில் சொன்னால் இரண்டு விழுக்காடு. மறுவகையில் சொன்னால் மும்மடங்கு. காற்றை எளிதாக விடும் வலை புழுதியையும் எளிதாக விடும் என்பது பொதுப் போக்கு. விதிவிலக்கு என்று சொல்பவர் அந்தத் தரத்தின்படி எடுத்த அறிக்கையைக் காட்டட்டும். சுரங்க லாரிகள் ஓடும் செம்மண் சாலையில் நாளெல்லாம் ஓடும் வண்டிக்கு இது ஏட்டுக் கணக்கன்று. தவணை முடியுமுன் எஞ்சினைப் பிரிக்க வேண்டி வந்தால் வண்டிக்காரரின் பிழைப்பு நின்றுபோகும்.

பிற இடர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காற்றளவைச் சென்சார் தான் பொருந்தியிருக்கும் குழாயின் குறுக்களவுக்கு ஏற்பவே அளவிடப்பட்டிருக்கும். குழாய் அகன்றால் கணக்குத் தவறலாம். வடிகட்டிக்கு எண்ணெயை மிகுதியாகப் பூசினால் அது சென்சாரின் மெல்லிய கம்பியில் படியக்கூடும். டீசல் வண்டிகளில் இந்தச் சென்சாரின் அளவை நம்பியே புகை மறுசுழற்சி நடைபெறுகிறது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் அந்தக் கணக்குத் தவறினால் விளைவு மாசுக்கட்டுப்பாட்டு அமைப்பு வரை போகும். வடிகட்டியைத் தாழ்வாக இறக்கிவைத்தால் மழைநீர் எஞ்சினுக்குள் புகும் ஆபத்து உண்டு. 700 மில்லிமீட்டர் நீரில் இறங்கும் என்று ஹைலக்சுக்குச் சொல்லப்படும் அளவு ஆலை அமைப்பை வைத்துச் சொல்வதாகும். சட்டத்தைப் பொறுத்தவரை, கலிபோர்னியாவில் அந்த மாநிலக் காற்றுவள வாரியத்தின் ஆணை எண் பெறாத தொகுதியைச் சாலை வண்டியில் பொருத்துவது குற்றம். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. வடிகட்டி அதில் அடங்காது என்று வாதிட இடமுண்டு. ஆனால் எஞ்சின் பழுதுபட்டு உத்தரவாதம் கோரும் நாளில், அந்த வாதத்தை வண்டிக்காரர் தனியாக நின்று பேச வேண்டியிருக்கும்.

இத்தொகுதி எங்கேயும் பயனற்றது என்பது என் கருத்தன்று. டர்போ இல்லாத பெரிய வி8 பெட்ரோல் எஞ்சின், மாற்றிய புகைபோக்கி, அதற்கேற்பத் திருத்திய கணினி நிரல், நல்ல வெப்பத் தடுப்பு, புழுதியற்ற சாலை ஆகியவை சேர்ந்த அமெரிக்கப் பிக்கப்பில் அதற்கு நியாயம் உண்டு. பெரிய டர்போ பொருத்தி எரிபொருள் அளவையும் கூட்டியவருக்கு ஆலைக் குழாய் உண்மையாகவே குறுகலாகலாம். ஓசைக்காக வாங்குவோரையும் நான் குறை சொல்லேன். இசைக்கு விலை கொடுப்பது போன்றதுதான் அது. ஓசைக்கு என்று சொல்லி வாங்கினால் போதும்.

உழைக்கும் வண்டிக்கு நான் சொல்வது மலிவானது. குறித்த காலத்தில், புழுதி மிகுந்த இடமானால் அதற்கு முன்பே, தரமான காகித வடிகட்டியை மாற்றுங்கள். வாரந்தோறும் கழற்றித் தட்டாதீர்கள்; மேற்பரப்பில் படிந்த மெல்லிய புழுதிப் படலமே நுண்துகளைப் பிடிக்க உதவுகிறது, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பெட்டிக்குள் மண் விழும் வாய்ப்பும் உண்டு. அழுத்தக் காற்றை அடித்துக் காகிதத்தைக் கிழிக்காதீர்கள். குழாய் இணைப்புகளில் வெடிப்பும் தளர்ந்த கிளிப்பும் இல்லை என்று பாருங்கள்; டர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடையே கசிந்தால், எந்தத் தொகுதியாலும் மீட்க முடியாத திறன் அங்கே வெளியேறிக்கொண்டிருக்கும். இன்டர்கூலரின் முகத்தில் அப்பியிருக்கும் சேற்றைக் கழுவுங்கள். குளிர்காற்று வேண்டும் என்றால் அது பிறக்கும் இடம் அதுதான்.

இதை வாசிக்கும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நம் களப்பணி பெரும்பாலும் மக்களிடமிருந்து சொல்லைப் பெறுவதாகவே இருக்கிறது. அவர்கள் நம்மிடம் கேட்பதோ கடன் பத்திரத்தின் நிபந்தனை, பூச்சிமருந்து டப்பாவின் எச்சரிக்கை, உதிரிப்பாகத்தின் விளம்பரம் போன்றவற்றின் பொருளை. ‘வரை’, ‘கூடும்’, ‘சில நேர்வுகளில்’, ‘நிபந்தனைக்கு உட்பட்டு’ ஆகிய சிறு சொற்கள் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் எப்படி உதிர்கின்றன என்பது ஆய்வுக்குரிய பொருள். உதிராமல் கொண்டுசேர்ப்பது நாம் செய்யக்கூடிய சிறு கைம்மாறு. யாருக்கு நாம் வாய்மொழியாக மொழிபெயர்த்துச் சொன்னாலும் எண்ணை மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். எண்ணுக்குப் பின்னால் நிற்கும் சொல்லையும் சேர்த்துச் சொல்வோம்.

மாற்றுக் கருத்துள்ளோர் எழுதுக. வண்டியின் எஞ்சின், வெளி வெப்பநிலை, பானெட் மூடியிருந்ததா, கணினி நிரல் மாற்றப்பட்டதா, எத்தனை முறை அளக்கப்பட்டது ஆகிய விவரங்களோடு எழுதினால் விவாதம் எல்லோருக்கும் பயன்படும். இன்டர்கூலர் கணக்கில் நான் கொண்ட மதிப்புகளை மாற்றிப் போட்டுப் பார்த்து முடிவைப் பகிர்ந்தாலும் மகிழ்வேன்.